கை ஓய்ந்த சவேரியார்



டிசம்பர் மாதம் 3-ந் தேதி அர்ச். பிரான்சீஸ்கு சவேரியாருடைய திருநாள். அவருடைய வலது கையைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் நம் பங்கில் வெகு சிலரே இருப்பார்கள். அவருடைய திருச்சரீரம் கோவாவில் இருக்கிறது. 1614-ம் ஆண்டில் வலது முன்கை மாத்திரம் பிரித்தெடுக்கப்பட்டு ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்டது. அங்கே சேசு சபையாருடைய பெரிய கோயிலில் விசுவாசிகளின் வணக்கத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நம்முடைய தமிழ்க் கரையில் ஆயிரமாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கை அது. கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்றும், மந்திரங்களைச் சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப்போகிறது என்றும் அவரே 1544-ம் ஆண்டு ஜனவரி மாதம் கொச்சியிலிருந்து ரோமாபுரியிலுள்ள தம்முடைய சகோதரர்களுக்கு எழுதினார்.

இதை நாங்கள் பிரசங்கங்களில் அடிக்கடி சொல்லுகிறோம். நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறீர்கள். ஆனால் அதே 1544-ம் ஆண்டில், அதே கரையில், அதே மனிதருடைய இருதயமும் ஓய்ந்துபோயிற்று என்பதை நாம் சொல்லுவதில்லை. உயிரோடிருப்பதே தமக்குச் சலித்துப்போயிற்று என்று அர்ச். சவேரியார் எழுதியிருக்கிறார். ஓய்ந்த கையை வணங்குகிற நாம், ஓய்ந்த இருதயத்தை மறைத்து வைப்பது சரியல்ல. ஆகையால் இந்த வாரம் அவருடைய ஜீவிய சரித்திரத்தை அந்தப் பக்கமாய் நின்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கோட்டையிலிருந்து கடற்கரைக்கு

பிரான்சீஸ்கு 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி நவார் தேசத்தில் சவேரியார் கோட்டையில் பிறந்தார். பிரபுக்களின் குடும்பம். ஆனால் சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். பத்து வயதாகும்போது யுத்தத்தில் தோற்ற பக்கம் சேர்ந்திருந்த காரணத்தால் வீட்டுக் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்படுவதைக் கண்டார். 1525-ல் பாரீஸ் பட்டணத்துக்குப் படிக்கப் போனார். அங்கே ஒரே அறையில் அவரோடு தங்கியிருந்தவர் பியேர் ஃபாவ்ர். 1529-ல் அந்த அறைக்கு மூன்றாவதாக வந்து சேர்ந்தவர் இஞ்ஞாசியார். பேரும் புகழும் தேடிய வாலிபனை மெல்ல மெல்ல சர்வேசுரன் பக்கம் திருப்பியது இந்தச் சிநேகமே. 1534-ம் ஆண்டு தேவமாதாவின் ஆரோபணத் திருநாளில் மோன்மார்த்ர் குன்றின் மேல் ஏழு பேராக வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். 1537-ல் வெனீஸ் பட்டணத்தில் சவேரியார் குருப்பட்டம் பெற்றார்.

இந்தியாவுக்குப் போக முதலில் நியமிக்கப்பட்டவர் வேறொருவர். அவர் நோயாய் விழுந்ததால் இஞ்ஞாசியார் சவேரியாரை அழைத்தார். அவரும் தாமதியாமல் புறப்பட்டார். தமக்கு 35 வயது நிறைந்த 1541 ஏப்ரல் 7-ந் தேதி லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். நடுவில் மொசாம்பிக்கில் மாதக்கணக்காய்த் தங்கி, வியாதிக்காரருக்கு ஊழியம் செய்து, தாமும் வியாதியில் விழுந்து எழுந்து, 1542 மே 6-ந் தேதி கோவா வந்து சேர்ந்தார். பதின்மூன்று மாதப் பிரயாணம். இஞ்ஞாசியாருடைய முகத்தை இவ்வுலகில் அவர் மறுபடியும் காணவேயில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், ஆலந்தலை, மணப்பாடு என்று கன்னியாகுமரி வரை நீண்டு கிடக்கிற கடற்கரை ஊர்கள் அவை. அங்கேயுள்ள பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன் கூட்டங்கூட்டமாய் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு வேதம் போதிக்க யாருமில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. அவருடைய தாய்மொழி பாஸ்கு. இரு மொழியும் அறிந்த சிலரை உட்காரவைத்து, பல நாள் பாடுபட்டு, விசுவாச மந்திரம், பத்துக் கற்பனைகள், பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம் இவைகளைத் தமிழில் எழுதுவித்தார்; அவற்றை மனப்பாடம் செய்தார்; கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போனார். பிள்ளைகள் வந்து மொய்த்துக்கொண்டார்கள். கட்டளைச் செபம் சொல்லவும், சாப்பிடவும், தூங்கவும் அவர்கள் தம்மை விடுவதில்லை என்று சந்தோஷமாய் எழுதினார். அது 1542-ல். அந்த வருஷத்துக் கடிதத்தில் களைப்பு இருக்கிறது, சலிப்பு இல்லை.

உழைப்பு அவரை முறிக்கவில்லை

இந்த இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை நீங்கள் நன்றாய் அறிவீர்கள். நம்முடைய பெரிய மார்க்கெட்டில் விடியுமுன்னே மீன் கூடையோடு வந்து உட்காருகிற தாய்மார் மத்தியானத்தில் களைத்துப்போகிறார்கள். ஒரு வாய்ச் சோறும் ஒரு தூக்கமும் அந்தக் களைப்புக்குப் போதும். மறுநாள் விடியற்காலையில் மறுபடியும் கூடை தலையில் ஏறிவிடும். ஆனால் தூங்கி எழுந்தும் போகாத ஒரு களைப்பு உண்டு. பிரியமாய்ச் செய்த வேலையே கசந்துபோகும். யாருக்காக உழைத்தோமோ அவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். எவ்வளவு செய்தும் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இக்காலத்து மருத்துவர்கள் இந்த மூன்றையும் சேர்த்தே அடையாளம் சொல்லுகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் இதைத் தன் பட்டியலில் விவரித்து, இது ஒரு நோயல்ல, வேலையின் பாரம் சரிவரக் கவனிக்கப்படாமல் நாள்பட நிற்பதால் வருகிற நிலை என்று வரையறுத்திருக்கிறது. வைத்தியர், தாதியர், ஆசிரியர் இவர்களுக்கு வருவது போலவே குருக்களுக்கும் இது வருகிறது.

சவேரியாருக்கு இது எப்படி வந்தது?

1543 கடைசியில் கோவாவுக்குப் போய்த் திரும்பும்போது, லிஸ்பனில் தம்மோடு புறப்பட்ட பிரான்சீஸ்கு மான்சிலாஸ் என்பவரைத் துணைக்கு அழைத்து வந்தார். மான்சிலாஸ் அப்பொழுது இன்னும் குருப்பட்டம் பெறவில்லை. ஒருவர் ஓர் ஊரிலும் மற்றவர் வேறோர் ஊரிலுமாக இருந்து வேலை செய்தார்கள். 1544-ல் சவேரியார் அவருக்கு எழுதிய கடிதங்கள் இருபதுக்குமேல் நமக்குக் கிடைத்திருக்கின்றன. உலகம் படிக்கட்டும் என்று எழுதியவை அல்ல. தோணிக்காரர் கையிலும் ஆளின் கையிலும் அவசரமாய்க் கொடுத்தனுப்பிய சீட்டுகள். ஆகையால் அவற்றில் மனிதர் உள்ளபடியே தெரிகிறார்.

அவரை வாட்டியது ஞானஸ்நான வேலையல்ல. தம்மைச் சேர்ந்தவர்களே செய்த அக்கிரமம்தான் அவரை வாட்டியது. போர்த்துக்கேயரில் சிலர் உள்ளூராரைப் பலவந்தமாய்ப் பிடித்துக்கொண்டு போனார்கள். கரையின் கப்பித்தானாயிருந்த கோஸ்மே தே பாயிவா என்பவர் மக்களுக்குச் செய்த இடுக்கண்கள் கொஞ்சமல்ல. காலையில் சவேரியார் சேசுநாதருடைய அன்பைப் போதிப்பார். மாலையில் சேசுநாதருடைய பேரைத் தரித்தவர்கள் வந்து கொள்ளையடிப்பார்கள். தடுக்க அவருக்கு அதிகாரமில்லை. காணாமல் இருக்கவும் முடியவில்லை. இப்படிப்பட்ட சமயத்திலேதான், பரிகாரமில்லாத இத்தனை துரோகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடச் சாவது நலம் என்றும், வாழ்வதே சலித்துப்போயிற்று என்றும் மான்சிலாசுக்கு எழுதினார். இன்னொரு சீட்டில், இந்தச் செய்திகளையெல்லாம் கேளாதபடி, மணப்பாட்டில் ஒரு தோணியைப் பிடித்துப் புறப்பட்டுவிடத் தமக்கு அதிக நேரம் ஆகாது என்கிறார். எங்கே போக? பிரெஸ்டர் ஜான் தேசம் என்று அந்நாளில் ஐரோப்பியர் சொல்லிவந்த அபிசீனியாவுக்கு. அங்கே தொல்லை கொடுப்பவர் இல்லாமல் தேவ ஊழியம் செய்யலாம் என்று அவர் நினைத்தார்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் வேறொரு பெருந்துன்பம் வந்தது. வடுகக் குதிரைவீரர் கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களின்மேல் பாய்ந்தார்கள். சனங்கள் கடலிலுள்ள பாறைகளுக்கு ஓடி, பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். செய்தி கேட்ட இரவே சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. எட்டு நாள் கடலில் போராடித் திரும்பினார். பிறகு கரைவழியாய் நடந்தே போனார். சாப்பிடச் சக்தியில்லாத கிழவர்களையும், வழியிலேயே பிள்ளை பெற்ற ஸ்திரீகளையும் அங்கே கண்டார். உலகத்தில் அதைவிடப் பரிதாபமான காட்சி இராது என்று எழுதினார்.

அதற்கு இரண்டொரு மாதத்துக்குப் பின் துபாசியும் இல்லாமல் தனியே அகப்பட்டுக்கொண்டார். மொழிபெயர்க்கிறவன் மணப்பாட்டில் வியாதியாய்ப் படுத்திருந்தான். இந்த ஜனங்கள் பேசுவது எனக்கு விளங்கவில்லை, நான் பேசுவது அவர்களுக்கு விளங்கவில்லை, நான் நடத்தும் ஜீவியம் எப்படிப்பட்டது என்று நீரே எண்ணிப்பாரும் என்ற கருத்துப்பட மான்சிலாசுக்கு எழுதினார். சுற்றிலும் ஆயிரம் பேர், பேச ஒருவரில்லை. பிரியமானவர்களே, குருக்களுடைய தனிமை பெரும்பாலும் இந்த விதமானதே. ஆள் இல்லாத தனிமை அல்ல. ஆட்களுக்கு நடுவில் இருக்கிற தனிமை.

தோணி ஏறாதது எப்படி

மணப்பாட்டுத் தோணி காத்துக்கொண்டிருந்தது, அவர் ஏறவில்லை. அவர் இரும்பு மனிதர், ஆகையால் தாங்கினார் என்று சொல்லிவிட்டால் அது நமக்கு ஒன்றுக்கும் உதவாது. சலிப்பாயிருக்கிறது என்று எழுதினவரை இரும்பு என்று சொல்லுவதும் பொய். அவர் நின்றதற்குக் கண்ணால் காணக்கூடிய காரணங்கள் சில உண்டு.

முதலாவது, அவர் அதை வாய்விட்டுச் சொன்னார். தம்மிலும் இளையவரான, குருப்பட்டம்கூட இன்னும் பெறாத ஒரு துணைவருக்கே சொன்னார். பெரியவர் சிறியவரிடம் இப்படிப் பேசலாமா என்று அவர் வெட்கப்படவில்லை.

இரண்டாவது, தம்மால் ஆகாததை ஆகாது என்று ஒத்துக்கொண்டார். ஜனங்களிடத்தில் பொறுமையிழந்து தவித்த மான்சிலாசுக்கு அவர் கொடுத்த புத்தி இது: தகப்பன் பொல்லாத பிள்ளைகளைச் சகிப்பதுபோலச் சகித்துக்கொள்ள வேண்டும், விரும்பினதையெல்லாம் செய்ய முடியாவிட்டால் முடிந்ததோடு திருப்தியாயிருக்க வேண்டும், தாமும் அப்படியே செய்வதாகச் சொன்னார். பத்தாயிரம் பேருக்கு ஒரே மாதத்தில் ஞானஸ்நானம் கொடுத்தவருடைய வாயிலிருந்து வந்த புத்தி இது என்பதை மறவாதேயுங்கள்.

மூன்றாவது, வேலையைப் பகிர்ந்து கொடுத்தார். வியாதிக்காரர் வீட்டுக்கெல்லாம் தாமே போக முடியாதபோது, மந்திரம் கற்ற சிறுவர்களிடம் தம்முடைய செபமாலையையும் பாடுபட்ட சுரூபத்தையும் கொடுத்தனுப்பினார். அவர்கள் போய்ச் செபித்தார்கள். ஒவ்வோர் ஊரிலும் கணக்கப்பிள்ளைகளை ஏற்படுத்தினார். அவர்களே நம் உபதேசியார்களுக்கு முன்னோர். முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துக்கல் இராணியின் பாதரட்சைச் செலவுக்கென்று ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்த 4000 பொன் பணத்தை உபதேசியார்களின் சம்பளத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கேட்டு வாங்கினார்.

நாலாவது, அவர் சிநேகத்தை விடவில்லை. தம் சகோதரர்கள் எழுதிய கடிதங்களில் அவரவர் கைப்பட எழுதிய பேர்களை வெட்டியெடுத்து, தம்முடைய வார்த்தைப்பாட்டுச் சீட்டோடு சேர்த்து, ஒரு சிறு பையில் வைத்து மார்பில் அணிந்திருந்தார். இதை 1546-ல் அம்போயினாத் தீவிலிருந்து அவரே தெரிவித்தார். ஜப்பானிலிருந்து திரும்பினபின் இஞ்ஞாசியாருடைய கடிதம் கிடைத்தபோது, உம்மை என்றும் மறவேன் என்கிற கருத்துள்ள அதன் கடைசி வரியைக் கண்ணீரோடு வாசித்ததாகவும், கண்ணீரோடேயே பதில் எழுதுவதாகவும் 1552-ல் எழுதினார். தனியாய் நின்றவரல்ல அவர். மார்பில் ஒரு கூட்டத்தைச் சுமந்துகொண்டு நின்றவர்.

ஐந்தாவது, ஒதுங்கிப் போனார். 1544-ம் ஆண்டில் மன்னார்த் தீவில் புதுக் கிறீஸ்தவர்கள் யாழ்ப்பாண அரசனால் கொல்லப்பட்டார்கள். அதற்கு நியாயம் கேட்கப் போர்த்துக்கேயப் படை புறப்படும் என்று சவேரியார் நாகப்பட்டினத்தில் காத்திருந்தார். சரக்கு ஏற்றி வந்த ஒரு போர்த்துக்கேயக் கப்பல் யாழ்ப்பாணக் கரையில் தட்டிப்போக, அந்தச் சரக்குக்காகப் படையெடுப்பு நின்றுபோயிற்று. இந்த ஏமாற்றத்தோடு அவர் நம்முடைய சோழமண்டலக் கரையில் வடக்கு நோக்கிப் பிரயாணமாகி மயிலாப்பூர் சேர்ந்தார். 1545-ல் சுமார் நான்கு மாதம் அப்போஸ்தலர் அர்ச். தோமையாரின் கல்லறைக் கோயிலை அடுத்த பங்குக் குருவானவருடைய வீட்டில் தங்கினார். அந்தக் குருவானவர் பேர் கஸ்பார் கொயெல்யோ. சவேரியார் அங்கே பாவசங்கீர்த்தனம் கேட்டார், பிரசங்கித்தார். ஆனால் முக்கியமாய் ஜெபித்தார். இனி எங்கே போக வேண்டும் என்று சர்வேசுரனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகஸ்டு கடைசியில் அங்கேயிருந்து மலாக்காவுக்குக் கப்பல் ஏறினபோது, தப்பி ஓடுகிற மனிதராக அல்ல, அனுப்பப்பட்ட மனிதராக ஏறினார். சலிப்பில் எடுக்கிற தீர்மானத்துக்கும் இளைப்பாறி எடுக்கிற தீர்மானத்துக்கும் இதுவே பேதம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1544 செப்டம்பரில் வடுகர் தூத்துக்குடியில் கப்பித்தானுடைய கப்பலையும் வீட்டையும் கொளுத்தினார்கள். அவர் தீவுகளுக்கு ஓடிப்போனார். சவேரியாருடைய உயிரைச் சலிக்கவைத்த அதே கப்பித்தான்தான். ஆலந்தலையில் இருந்த சவேரியார் உடனே, தோணிகளில் தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு போய் உதவும்படி மான்சிலாசுக்கு எழுதினார். சலித்துப்போன இருதயம் அன்பற்றுப்போன இருதயமல்ல. இதை நன்றாய் நினைவில் வையுங்கள்.

முடிவு வரை

பிறகு அவர் மொலுக்கஸ் தீவுகளுக்கும், 1549 ஆகஸ்டு 15-ந் தேதி ஜப்பானுக்கும் போய்ச் சேர்ந்தார். 1552 தொடக்கத்தில் திரும்பி வந்தபோது தலை முழுதும் நரைத்திருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி, சீன தேசத்தின் வாசலிலுள்ள சான்சியன் தீவில், ஓலைக் குடிசையில், அந்தோனி என்ற சீனக் கிறீஸ்தவன் பக்கத்திலிருக்க உயிர்விட்டார். வயது 46. 1622 மார்ச் 12-ந் தேதி இஞ்ஞாசியாரோடுகூட அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றார். 1927-ல் பதினோராம் பத்திநாதர் பாப்பானவர் அவரையும் அர்ச். குழந்தை சேசுவின் தெரேசம்மாளையும் வேதபோதக நாடுகளின் பாதுகாவலராக ஏற்படுத்தினார்.

மான்சிலாஸ் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மொலுக்கசுக்கு வரும்படி சவேரியார் அழைத்தபோது அவர் போகவில்லை. 1548-ல் சேசு சபையிலிருந்து நீக்கப்பட்டார். ஏன் போகவில்லை என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. எல்லாத் தோளும் ஒரே சுமையைத் தாங்குவதில்லை. அர்ச்சியசிஷ்டருடைய கடிதங்களைக் கையில் பெற்றவருக்கே இப்படி ஆயிற்று என்றால், யாரையும் இளப்பமாய்ப் பேச வேண்டாம்.

பிரான்சு தேசத்து அர்ஸ் ஊர்ப் பங்குக் குரு அர்ச். அருளப்பர் வியான்னியைப் பாருங்கள். 1818 முதல் 1859 வரை ஒரே சிற்றூரில் 41 ஆண்டு. கூட்டம் பெருகின காலத்தில் நாளொன்றுக்கு 16 மணி நேரம் வரை பாவசங்கீர்த்தனத் தொட்டியில். உலகத்துப் பங்குக் குருக்களுக்கெல்லாம் பாதுகாவலர் அவர். அவரும் ஒரு முறைக்கு மேல் இராத்திரியில் பங்கை விட்டுப் புறப்பட்டுவிட்டார். 1853-ல் கடைசி முறை புறப்பட்டபோது ஊரார் கோயில் மணியை அடித்துக் கூடி அவரை மறித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எலியாஸ் தீர்க்கதரிசியும் ஒரு செடியின் கீழ் விழுந்து சாவைக் கேட்டார். சர்வேசுரன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவைத்தார், சம்மனசைக்கொண்டு அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவைத்தார், அதற்குப் பிறகுதான் பேசினார். அந்த ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் தூக்கமும் சாப்பாடும், பிறகுதான் புத்தி.

உங்களுக்கு ஒரு வார்த்தை

இதையெல்லாம் குருக்களுக்காகப் பரிதாபம் தேட எழுதவில்லை. சலிப்பு பாவமல்ல, அவிசுவாசமுமல்ல. ஆனால் அதைத் தனியே மறைத்துச் சுமப்பது ஆபத்து. இதுவே சவேரியார் ஜீவியத்திலிருந்து நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் ஒரே காரியம். எத்தனையோ குருவானவர்கள், சுவாமியார் சோர்ந்துபோகலாமா என்று ஜனங்கள் கேட்பார்களே என்று பயந்து சிரித்த முகத்தோடு நடமாடுகிறார்கள். அந்தப் பயத்தை உண்டாக்குவதில் நமக்கும் பங்குண்டு. அர்ச்சியசிஷ்டர்களுக்குக் களைப்பே வராது என்று கதை சொன்னால், களைத்தவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

நம்முடைய நாட்டுப் பாதைகளில் பெரியோர்கள் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். வழிப்போக்கனுடைய சுமையை அந்தக் கல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. சற்று நேரம் தாங்குகிறது, அவ்வளவே. பிறகு அவனே சுமந்து போகிறான். பங்குக் குடும்பங்கள் தங்கள் குருவானவருக்கு அப்படி இருந்தால் போதும்.

எப்படி என்றால், 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் பங்குக் குருவுக்கு வருஷத்தில் ஒரு மாதம் வரை ஓய்வு எடுக்க இடங்கொடுக்கிறது. ஞான ஒடுக்கமோ அவருக்குக் கடமை. அவர் போகும்போது, கோயிலை விட்டு ஊர் சுற்றப் போய்விட்டார் என்று பேசாதேயுங்கள். அவஸ்தையிலிருப்பவருக்காக நடுராத்திரியிலும் கதவைத் தட்டுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் சர்ட்டிபிகேட்டுக்காக மத்தியானத் தூக்கத்தைக் கலைக்காதேயுங்கள். முன்னிருந்த சுவாமியாரோடு இப்போதிருப்பவரை ஒப்பிட்டுப் பேசுவதை விடுங்கள். கணக்கு, கட்டட வேலை, திருநாள் ஏற்பாடு இவைகளில் பொறுப்பெடுங்கள். சவேரியார் சிறுவர்களை நம்பி அனுப்பியிருக்க, உங்களை நம்பக் கூடாதா? விண்ணப்பம் ஒன்றுமில்லாமல், சும்மா விசாரிக்க மட்டும் எப்போதாவது அறைவீட்டுக்கு வாருங்கள். ஒரு பிரசங்கம் உங்களுக்கு உதவியாயிருந்தால் அதைச் சொல்லுங்கள். குறை இருந்தால் அதையும் முகத்துக்கு முன்னே அன்பாய்ச் சொல்லுங்கள். சவேரியாரை உடைத்தது எதிரியின் குதிரையல்ல, சொந்த ஆட்களின் நடத்தை என்று பார்த்தோமல்லவா?

இது குருக்களுக்கு மாத்திரமல்ல. படுக்கையிலிருக்கும் மாமியாரை வருஷக்கணக்காய்ப் பார்த்துவருகிற மருமகள், கடன் வாங்கிக் கடை நடத்துகிற தகப்பன், ஆஸ்பத்திரியில் இராக்காவல் இருக்கிற மகள் இவர்கள் வீட்டிலும் மணப்பாட்டுத் தோணி ஒன்று காத்துக்கொண்டிருக்கும். தூங்கியும் போகாத களைப்பு வாரக்கணக்காய் நீடித்தால், ஒருவரிடமாவது சொல்லுங்கள். செபத்தோடு வைத்தியமும் வேண்டும். சர்வேசுரன் இரண்டையும் படைத்தவர். ஜிப்மர் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. 2022 முதல் இந்திய அரசாங்கம் நடத்திவரும் டெலி மானஸ் என்ற உதவிக்கு 14416 என்ற எண்ணில் பணமில்லாமல், இரவும் பகலும், தமிழிலேயே பேசலாம். உயிரோடிருக்க விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால், உபதேசம் செய்யத் தொடங்காதேயுங்கள்; பக்கத்தில் உட்காருங்கள், தனியே விடாதேயுங்கள், கூட்டிக்கொண்டு போங்கள். சவேரியாரே அப்படிச் சொன்னவர் என்று அவருக்குச் சொல்லுங்கள். அது அவரை வெட்கத்திலிருந்து விடுவிக்கும்.

வருகிற திருநாளில் அர்ச். சவேரியாரிடம் உங்கள் மேற்றிராணியாருக்காகவும், குருக்களுக்காகவும், கன்னியர்களுக்காகவும், உபதேசியார்களுக்காகவும் ஒரு பத்து மணி செபம் சொல்லுங்கள். உலகத்தின் கடைசி மட்டும் போக வரம் கேட்பதற்கு முன்னே, நாளைக் காலை எழுந்து மறுபடியும் அன்போடு தொடங்க வரம் கேளுங்கள். கை ஓய்ந்த அந்த மனிதருக்கு ஒவ்வொரு நாளும் கிடைத்த வரம் அதுவே.

உங்கள் பங்குச் சுவாமி